மாமரத்து ஆந்தைகளை நான் விரட்டவில்லை

மழை விட்டதும் பர்மாவில், எங்கள் இன்சீன் வீட்டுத் தோட்டத்துக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஐப்பசி பிறந்தால் வடக்கிலிருந்து கீச்சான் குருவி வந்து வேலிக் கம்பியில் உட்கார்ந்து, இடம் தன்னுடையது என்று ஊருக்கே கத்திச் சொல்லும். புது நெற்கதிர் விற்பவள் தெருவுக்கு வந்ததும் ஒரு கொத்து வாங்கி, இங்கே எல்லாரும் செய்வதுபோல இறவாரத்தில் கட்டித் தொங்கவிடுவேன். சிட்டுக்குருவிகள் அதைப் பிய்த்து எறிந்து வாசலைக் குப்பையாக்கும். பெருக்குவது நான்தான். ஆனாலும் கட்டுவேன்.

போன வருடம் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். மாமரத்தில், ஒரு பழைய புயலில் கிளை ஒடிந்த இடத்தில் பொந்து உண்டு. அதில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை குடியேறியது. ஒரு சாண் உயரம்தான் இருக்கும். பட்டப்பகலிலேயே பொந்து வாசலில் உட்கார்ந்து, தப்பைக் கண்டுபிடித்துவிட்ட வாத்தியார்போல நம்மைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

என் கணவர் அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தார். ரயில் பட்டறையில் முப்பது வருடம் சம்மட்டி பிடித்த வலது கை அசைவில்லாமல் கிடந்தது. பேச்சு குழறியது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தேன். காலையில் கண் விழித்ததும் இடது கையைத் தூக்கி மரத்தைக் காட்டுவார். “ரெண்டும் இருக்கா?” என்பார். இருக்கு என்றால்தான் கஞ்சி உள்ளே இறங்கும்.

நகரத்தின் நடுவே கியாக்டடாவில் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா, வாராவாரம் சுற்று ரயிலில் தம்பியைப் பார்க்க வருவார். ஆந்தையைக் கண்டதும் அவர் கையிலிருந்த பழப்பை நழுவியது.

“நோயாளி கெடக்குற வீட்ல ஆந்தையா? எதுக்கு வந்துருக்குன்னு ஒனக்குத் தெரியலையா? மொதல்ல மரத்த வெட்டு.”

“மாட்டேன் அண்ணி.”

“என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்பு, சொல்லிப்புட்டேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே தங்க வர்ணம் பூசிய காகித ஆந்தை ஜோடி உட்கார்ந்திருக்கிறது. அதிர்ஷ்டம் தரும் என்று பர்மியர்கள் வீட்டிலும் கடையிலும் வைப்பது அது. எங்கள் ஆட்களும் வாங்கி வைத்து, வெள்ளிக்கிழமை சாம்பிராணிகூடக் காட்டுகிறோம். எங்கள் அலமாரியில் இருக்கும் ஜோடியே, நாங்கள் குடிபுகுந்தபோது அண்ணி கொடுத்ததுதான். காகிதமாக இருந்தால் லட்சுமி, உயிரோடு வந்தால் எமன். இது எந்த ஊர் நியாயம்?

அலமாரி ஜோடியை எடுத்து அண்ணி மடியில் வைத்தேன். “மொதல்ல இதுங்கள அடுப்புல போடுங்க அண்ணி. அப்பறம் மரத்தப் பத்திப் பேசலாம்.”

அவர் போடவில்லை. முந்தானையால் தூசி துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். கட்டிலில் என் கணவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஆந்தை கொண்டுபோகவில்லை. இரண்டாவது தடவை வந்த வாதம் கொண்டுபோனது. வைத்தியர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்த கையோடு மாமரத்தையும் பார்த்தார்கள். அழுத கண்ணாலேயே அவர்களை முறைத்தேன். ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. அதற்காக இன்றுவரை என்மேலேயே எனக்குக் கோபம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணி மரம் வெட்டும் ஆளையும் கையோடு கூட்டிவந்தார். படையல் சோற்றை இலையோடு மதிலில் வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டார். காக்கைக்கா இன்சீனில் பஞ்சம்? அன்று ஒன்றுகூட இறங்கவில்லை. செத்தவருக்கு மனக்குறை இருந்தால் காக்கை சோறெடுக்காது என்பார்கள். எல்லார் முகமும் இறுகியது.

“பாத்தியா? அந்தச் சனியன் இருக்குறவரைக்கும் என் தம்பி சாப்ட மாட்டான்.”

ஆள் கோடாரியோடு மரத்தடிக்குப் போனார். நான் முந்திக்கொண்டு போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். “என்னையும் சேத்து வெட்டச் சொல்லுங்க அண்ணி.”

இந்தக் கூச்சலில் ஆந்தை ஒன்று பொந்தை விட்டு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. பகலில் ஆந்தையைக் கண்டால் காக்கைக்கு ஆகாது. எங்கிருந்தோ ஒன்று பார்த்துவிட்டுக் கத்த, தெருக் காக்கைகள் அத்தனையும் திரண்டு வந்து மரத்தைச் சூழ்ந்துகொண்டன. ஆந்தை சாவகாசமாகப் பொந்துக்குள் போய்விட்டது. வந்த காக்கைகளின் கண்ணில் மதிலில் இருந்த இலை பட்டது.

முதல் காக்கை வடையைத் தூக்கியது. அண்ணி கும்பிட்டபடியே அழுதார். கோடாரிக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இப்போது மறுபடியும் ஐப்பசி. கீச்சான் வந்துவிட்டது, நெற்கதிரும் கட்டியாகிவிட்டது. நேற்று அண்ணி வந்து, ஜன்னலோரக் கட்டிலில் தம்பி படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“ரெண்டும் இருக்கா?”

“இருக்கு அண்ணி,” என்றேன். “மரமும் இருக்கு.”