சாக்கெட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. ஆடி மாதம், கர்க்கடக மழை நேரம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். டீசல் வண்டிகள் பார்ப்பேன்.

ஒரு மீன் லாரி வந்தது. கடற்கரையில் மீன் ஏற்றி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் சந்தைகளுக்குப் போகிற வண்டி. ஓட்டுகிறவர் பக்கத்தில் காரோடு என்கிற ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர். ஒரே முதலாளியிடம் ரொம்ப வருடமாக இருந்தார். வண்டியைத் தினமும் கழுவுவார். அன்று முதலாளியும் கூட வந்திருந்தார். கோபத்தில் இருந்தார்.

புது டீசல் வண்டிகளில் விஷம் குறைவதற்காகப் புகையில் யூரியாத் தண்ணீர் பீய்ச்சுகிற ஏற்பாடு உண்டு. புகை சரியாக வருகிறதா என்று பார்க்கக் குழாயில் ஒரு சென்சர் இருக்கும். அது சொல்வது வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராவிட்டால் முதலில் விளக்கு எரியும். பிறகு வண்டியே தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். அந்த லாரி அன்று காலையில் லோடோடு ஒரு ஏற்றத்தில் ஏறாமல் நின்றுவிட்டது. மீன் போய்ச் சேரும்போது சந்தை முடிந்திருந்தது.

ஸ்கேனரைப் போட்டேன். சென்சர் சர்க்யூட்டில் கோளாறு என்று காட்டியது. சர்க்யூட் என்றால் சென்சர் மட்டும் இல்லை. வயர், சாக்கெட், எர்த் எல்லாம் சேர்ந்தது. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான் படுக்கவில்லை.

யூரியா டேங்க் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. எல்லா வண்டியிலும் படியும். எனக்கு அது தெரியும். ஆனாலும் முதலாளி, "காரணம் என்ன, சொல்லும்" என்று பக்கத்தில் வந்து நின்றபோது என் கண் அதில்தான் போனது.

"யூரியாவுல பைப்புத் தண்ணி கலந்திருக்கு. அதாக்கும் சென்சர் போச்சு" என்றேன்.

டிரைவர் திரும்பினார். "எலே, என்ன பேசுத? யூரியா கேன நான் பூட்டி வச்சாக்கும் எடுக்கது."

"பின்ன ஆரு ஊத்தினது? பெட்டியில கெடந்த மீனா எறங்கி வந்து ஊத்திச்சு?" என்றார் முதலாளி.

"கர்த்தர் சத்தியமா நான் ஊத்தல்ல, மொதலாளி."

"கேன வித்துட்டு தண்ணிய ஊத்தி வச்சிருக்க. சாவிய இஞ்ச தா."

டிரைவர் சாவியை பானெட் மேல் வைத்தார். கேபினிலிருந்து துண்டையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மழையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் புது சென்சர் மாட்டினேன். விளக்கு அணைந்தது. நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து அதே லாரி, அதே விளக்கு. ஓட்டி வந்தது புது டிரைவர். அன்று மழை இல்லை. அடியில் படுத்து மீட்டரை வைத்தேன். கம்ப்யூட்டர் பக்கம் கரண்ட் இருந்தது. சென்சர் பக்கம் இல்லை. வயரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். உள்ளே செம்பு நன்றாக இருந்தால் வயர் நீளாது. அது ரப்பர் மாதிரி நீண்டது. பிளேடால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை. பச்சைத் தூள். மேல் தோலில் ஓர் ஊசித்துளை. சாக்கெட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி.

அந்த இடத்தில் குத்துகிறவன் நான். கரண்ட் வருகிறதா என்று பார்க்க சாக்கெட்டைக் கழற்றாமல் டெஸ்ட் லாம்பின் ஊசியை வயரிலேயே குத்திவிடுவேன். சீக்கிரம் முடியும். கை போய் நிற்பது எப்போதும் அந்த நான்கு விரலில்தான். சித்திரையில் இதே லாரி விளக்கு எரிந்து வந்தபோது குத்திப் பார்த்தேன். சாக்கெட்டைத் துடைத்து அனுப்பினேன். துளையை அடைக்கவில்லை. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகுகிற உப்புத் தண்ணீர் அந்த வயர் மேல்தான் விழும். அது உள்ளே இறங்கி செம்பைத் தின்றிருக்கிறது. சென்சர் மாற்றும்போது வயர் அசைந்ததில் கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. அவ்வளவுதான்.

"கெடச்சா?" என்று மேலே இருந்து புது டிரைவர் கேட்டான்.

"கெடச்சு" என்றேன்.

கெட்ட துண்டை வெட்டிவிட்டுப் புது வயர் சேர்த்தேன். முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வண்டி இப்பம் ஓடுமா?"

"ஓடும்."

"பின்ன விடும். ஆளு போட்டாச்சு இல்லியா."

மறுநாள் காரோட்டுக்குப் போனேன். வீடு கட்டுகிற ஒரு இடத்தில் பழைய டிரைவர் கல் சுமந்துகொண்டிருந்தார். வெட்டிய வயரைக் கொடுத்தேன். பெருவிரலால் தடவிக்கொண்டே வந்து துளையில் நிறுத்தினார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டி வரவில்லை.

"தப்பு எனக்கதாக்கும் அண்ணே" என்றேன்.

"நாலு எடத்துல வேலை கேட்டேன் மக்கா. தண்ணி ஊத்தினவன்தானேன்னு கேக்கான். நீ எனக்க கிட்ட வந்து சொல்லி என்ன ஆவப்போவுது? நான் ஊத்தல்லன்னு எனக்குத்தான் அண்ணைக்கே தெரியுமே."

வயரை என் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கல் எடுக்கப் போனார்.

அன்று சாயங்காலம் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். வயரைக் காட்டிச் சொன்னேன். "நல்ல மெக்கானிக்காக்கும்! இனி எனக்க வண்டி பக்கம் வந்திராதியும்" என்று ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு முதலாளிமாரிடமும் சொன்னேன். சரி என்றார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போதும் அவர் கட்டட வேலைக்குத்தான் போகிறார். பஸ்ஸில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

அந்த ஊசியை வளைத்து எறிந்துவிட்டேன். வயர்த் துண்டு ஒர்க்‌ஷாப் ஆணியில் தொங்குகிறது. இப்போது தண்ணீர் கிடந்தாலும் சாக்கைப் போட்டுப் படுத்துவிடுகிறேன். டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலாளி காரணம் கேட்டால், "பாத்துட்டுச் சொல்லுகேன்" என்பதற்கு மேல் என் வாயில் ஒரு சொல்லும் வருவதில்லை.