துவர்க்காத தண்ணீர்

வெளிறிய சந்தன நிறத்தில் ஒரு வெள்ளாட்டுத் தோல், காரின் முன்சக்கரங்களுக்கு நடுவே தரையில் விரித்துக் கிடந்தது. அதன் மேல் மூன்று சொட்டு ஈரம். காலை வெயில் மண்டியின் மதிலைத் தாண்டி இன்னும் உள்ளே இறங்கவில்லை. டிரைவர் பாய் குந்தி உட்கார்ந்து, அந்த ஈரத்தில் ஒரு விரலை ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் அப்படியே இருந்தார். "துவர்க்கல ரைட்டரே," என்றார் கடைசியில். "இது பட்டைத் தண்ணி இல்ல. வண்டித் தண்ணி."

1930களின் தொடக்கம் அது. ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். அதனால் எல்லோருக்கும் நான் 'ரைட்டர்'. தோல் பதனிடும் இடம் எதுவானாலும் அதன் முற்றம் காய்வதே இல்லை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளிலிருந்து தோல்களைத் தூக்கிப் போகும்போது வழியெல்லாம் செம்பழுப்பாகச் சொட்டிக்கொண்டே போகும். துருப்பிடித்த ரேடியேட்டரிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கும் அதே நிறம்தான். முதலாளியின் கார் அந்த ஈரத்தின் மேல்தான் எப்போதும் நின்றது. வேறு ஊரில் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒழுக்கு எங்கள் ஊரில் தரையோடு தரையாகக் கலந்து போயிற்று. உலர்ந்த தோலை அடியில் விரித்துப் பார்க்கவேண்டும் என்று பாய்க்குத் தோன்றியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அவருக்கு அதற்கு முன்பே சந்தேகம் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். பட்டணத்திலிருந்து எந்தச் சாமான் வரவேண்டுமென்றாலும் என்னிடம்தான் சொல்லவேண்டும். "ரைட்டரே, வண்டி ஜாஸ்தி தண்ணி குடிக்குது" என்று ஒரு திங்கட்கிழமை தொடங்கினார். இரண்டு நாளைக்கு ஒரு சொம்பு என்றிருந்தது தினம் ஒரு சொம்பாயிற்று. பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. "நமக்கெல்லாம் நோம்பு வருது, இதுக்கு மட்டும் வராதா இன்னா?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, நோட்டை எடுத்து, கிழமையும் நேரமும் சொம்பின் எண்ணிக்கையும் பிசகாமல் எழுதிக்கொள்வேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். பாலாற்றில் வெள்ளம் வந்த நாள், ஏலகிரி மேல் முதல் மேகம் இறங்கிய நாள், எந்தப் புத்தகத்தை என்றைக்கு முடித்தேன் என்பது, எல்லாம் அதில் இருக்கும். காரின் தாகமும் அந்த வரிசையில் ஒன்றாகச் சேர்ந்தது. ரேடியேட்டருக்குப் பாய் கேட்ட ரப்பர் குழாய்க்கு எழுதவேண்டிய கடிதத்தைத்தான் எழுதவில்லை. நோட்டை மூடும்போது ஒரு காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி வரும். அந்த நிம்மதி அடுத்த நாள் வரைக்கும் தாங்கும். தோலில் சொட்டு விழுந்த அன்றும் அப்படியே. "நாளைக்கு எழுதிடறேன் பாய்" என்றேன்.

முதலாளியும் அவருடைய அக்காவும் ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளை மண்டியில் எல்லோரும் பெரிய பீபி என்போம்; முதலாளி மட்டும் அக்காவை 'ஆப்பா' என்று கூப்பிடுவார். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. முந்தின வருஷம் காய்ச்சலால் பயணம் நின்றுபோயிற்று. இந்த வருஷமும் தவறினால், அடுத்த வருஷம் போய்ச் சேரலாம், கண்ணால் பார்க்க முடியாது. பம்பாயில் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கப்பலைப் பிடிக்கவேண்டுமென்றால் அவர்கள் போகவேண்டிய ரயில் ஆம்பூரில் நிற்காதது. காட்பாடியில் போய் ஏறவேண்டும்.

புறப்படும் முன், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் வழக்கப்படி, பீபி மண்டி முழுக்க நடந்து, தொட்டியில் இறங்கி நின்றவர்களிடம்கூட, "சொன்னது கேட்டது இருந்தா மன்னிச்சிடுங்க" என்று சொல்லி முடிக்கச் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. பயணக் காகிதங்களோடு நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் முதலாளி, திரைக்குள் பீபி. சாலையின் இருபுறமும் புளியமரங்கள் வளைந்து கூடியிருந்தன. நிழலும் வெயிலுமாக மாறி மாறி எங்கள் மேல் ஓடியதில் வண்டி ஓடுகிறதா, நாங்கள் அசையாமல் இருக்க ஊர்கள்தான் பின்னோக்கி மிதந்து போகின்றனவா என்று தெரியாத ஒரு மயக்கம். பள்ளிகொண்டா அப்படித்தான் மிதந்து போயிற்று.

அப்போது பாய் செருப்பைக் கழற்றினார். சூடு பார்ப்பதுபோல வெறும் பாதத்தைக் காலடிப் பலகையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சின்ன மேடு ஒன்றில் வண்டி இழுக்க முடியாமல் முனகிற்று. முன்பக்கம் பால் பொங்கும்போது வருவதுபோல ஒரு சீறல். எனக்கு அது இனிமையாகக்கூட இருந்தது. பாய் வண்டியை ஓரத்து நிழலில் ஒதுக்கி நிறுத்தினார்.

"இன்னாய்யா, இங்க ஏன் நிறுத்தறே?" என்றார் முதலாளி.

"கொதிக்குது சாயபு."

"கொதிச்சா கொதிக்கட்டும். வேலூர் தாண்டினா காட்பாடிதானே. ஓட்டு!"

"இப்ப நின்னா அரை மணி. இன்னும் ரெண்டு மைல் ஓட்டினா இன்னிக்கு பூரா நிக்கணும்."

மரங்களுக்கு அப்பால் பாலாறு மணலாகக் கிடந்தது. நானும் பாயும் இறங்கிக் கையால் தோண்டினோம்; முழங்கை ஆழத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊறிற்று. தூரத்தில் விரிஞ்சிபுரம் கோபுரம் வெப்பத்தில் நடுங்கியது. தண்ணீரைக் கொண்டுவந்ததும் முதலாளி சொம்பைப் பிடுங்கப் பார்த்தார். பாய் ரேடியேட்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். "காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விட்டுப்போயிடும் சாயபு. தானா ஆறணும்." காத்திருப்பதுதான் அங்கே செய்யவேண்டிய வேலை என்று அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

முதலாளி கடிகாரத்தைத் திறந்து திறந்து மூடினார். "ஒழுகுதுன்னு தெரியாமயா இருந்தே? தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! ஆப்பாவோட ஹஜ்ஜையே கெடுத்துட்டியே!"

பாய் ரேடியேட்டரை விட்டு நகரவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோட்டு என் பையில் இருந்தது.

"அவர் சொன்னாரு சாயபு," என்றேன். "தினம் சொன்னாரு. நான்தான்... நோட்டுல எழுதி வெச்சேன்."

"நோட்டுலயா?" முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோட்டா வண்டி ஓட்டுது?"

திரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "தம்பி, ரைட்டரை விடு. டிரைவர் சொல்றதைக் கேளு. நான் தொழுதுட்டு வரேன்." பீபி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு இறங்கி, நிழல் விழுந்த மணலில் தொழுகை விரிப்பைப் போட்டுத் தொழுதார். அந்த அரைமணியில் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அவசரம் இருந்திருக்கவேண்டும். அவர் ஒருவரிடம்தான் அது இல்லை. அப்படி ஓர் அமைதியை அதற்குப் பிறகு நான் கோயில்களில்கூடக் கண்டதில்லை. இப்போது வரும் கார்களில் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்க்கும்போதெல்லாம், முள் ஏறியும் ஓட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மணலும் அந்த வெள்ளைத் துப்பட்டியும் என் முன் வந்து நிற்கின்றன.

இரும்பு ஆறிய பிறகு பார்த்தால், ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்குப் பிளவு. பீபியின் படுக்கைச் சுருளைக் கட்டியிருந்த தோல் வாரை அவிழ்த்து, நனைத்து, பாய் அதை இறுக்கிச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். சூடு ஏற ஏற ஈரத்தோல் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு மாட்டு வண்டியைவிடச் சற்று வேகமாக, காலைப் பலகையில் வைத்தபடியே ஓட்டினார். வழியில் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காட்பாடியில் ரயில் நின்றிருந்தது. முதலாளியையும் பீபியையும் ஏற்றி, கட்டவிழ்ந்த படுக்கையை நான் அள்ளி உள்ளே தள்ளியபோது கொடி அசைந்துவிட்டது. ஜன்னலோரம் அவர் முகத்திரையை உயர்த்தி, புரை விழுந்த கண்களை இடுக்கிக்கொண்டு, எங்கள் இருவரில் யார் எவர் என்று தேடினார். "டிரைவர்! உன் பேரைச் சொல்லி அங்க அல்லாகிட்ட துஆ கேக்கறேன்" என்றார். பாய் தலைகுனிந்து நின்றார். ரயில் போய், தண்டவாளத்தின் அதிர்வும் போன பிறகுதான் நிமிர்ந்தார்.

வெளியே வந்து நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பாய், என்னால உங்களுக்கு..."

"அதெல்லாம் அப்புறம். கார்டு இருக்கா?"

தபால் நிலையத்தில் வாங்கி வந்தேன். சூடு தணியாத காரின் மூடிமேல் வைத்து, பட்டணத்துக் கடைக்கு ரப்பர் குழாய் வேண்டி எழுதினேன். குழாயின் நீளத்தைத் தன் விரல்களால் காட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றார். "அவசரம்னு போட்டீங்களா? அடியில கோடு போடுங்க. இன்னொரு கோடு." போட்டேன். மை காய்ந்ததும் போட்டுவிடலாம் என்று கார்டைப் பைக்குள், நோட்டுக்குப் பக்கத்தில், வைக்கப் போனேன்.

"ஐய, அங்க வெக்காதீங்க! அது தூங்கற எடம்."

கார்டை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். அதை ஊதிக்கொண்டே வெறுங்காலோடு சாலையைக் கடந்து, தபால் பெட்டிக்குள் போட்டு, விழுந்த சத்தம் கேட்கிறதா என்று அதன் வாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார்.