வீட்டுக்கார அம்மாவின் தம்பி

பர்மாவில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு நான் ஒரு வாழ்க்கையையே இட்டுக்கட்டிக் கொடுத்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்தைந்து வருடமும் இரண்டு மூக்குக்கண்ணாடியும் தேவைப்பட்டிருக்கின்றன.

கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் நான் அறை எடுத்திருந்த வீட்டில், மாடிப்படி தொடங்கும் இடத்தில் அவருடைய படம் தொங்கியது. சரிந்த தொப்பி, கொஞ்சம் பெரிய காது, பின்னாலிருந்து யாரோ பகிடி சொன்னதுபோல அடக்கிய சிரிப்பு. வந்த முதல் வாரம் அந்த இடத்தில் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் ஏறினேன். சீருடையைக் கண்டால் வேலி பாய்ந்து பழகிய கால்களுக்கு, இது கண்ணாடிக்குள் இருக்கிற ஆள் என்று விளங்கப்படுத்த நாளாயிற்று.

வீட்டுக்கார அம்மா இங்கிலாந்தில் பிறந்தவர். போர் முடிந்தபின் கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்து, கணவரையும் இங்கேயே அடக்கம் செய்தவர். பிள்ளைகள் இல்லை. படத்தில் இருந்தவர் அவருடைய தம்பி. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர், பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்து, இருபத்தொரு வயதில் பர்மாவில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி மட்டும். நான் எந்த நாடு என்று அம்மா கேட்டார். சிலோன் என்றேன். "என் தம்பியின் கப்பல் திருகோணமலையில் நின்றது" என்றார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் படியேறியிருக்கலாம்.

ஆனால் அது, அகதி விண்ணப்பத்துக்கு என் கதையை மூன்றாம் தடவையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த மாதம். பக்கத்து அறை அண்ணை அதை வாசித்துவிட்டு, "ஐசே, உம்மடை கதை சப்பெண்டு கிடக்கு. கொஞ்சம் உப்புப் போடும்" என்று தினமும் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் போடத் துணியாத உப்பை இங்கே கொட்டிவிட்டேன். "என் அப்பா அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். உங்கள் தம்பியை அவருக்குத் தெரிந்திருக்கும்." உண்மையில் அப்பா வாத்தியார். வாழ்நாளில் எங்கள் பகுதியின் எல்லையான ஆனையிறவைத் தாண்டியது இரண்டு தடவை, இரண்டும் கலியாண வீட்டுக்கு.

அதன்பிறகு ஞாயிறு பின்னேரம்தோறும் தேத்தண்ணியும் இஞ்சி பிஸ்கட்டும் வைத்துவிட்டு அம்மா கூப்பிடுவார். "உன் அப்பா வேறென்ன சொன்னார்?" நான் சொல்வேன். தம்பி அப்பாவோடு கடற்கரையில் நடந்தார். கையால் சோறு தின்னப் பழகினார். முதல்நாள் குழம்பு முழங்கைவரை வழிந்தது. உழுந்துவடை என்றால் உயிர். கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு, இனிக் குழாய்த்தண்ணீரே வேண்டாம் என்றார். அம்மா சிரிப்பார். பிறகு திடீரென்று, "கிணறு எவ்வளவு ஆழம்? தண்ணீர் குளிருமா?" என்று கேட்பார். அது எங்கள் வீட்டுக் கிணறு. ஆழத்தைச் சொல்லுமுன் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துச் சமாளிப்பேன். பொய் வெளிப்பட்டால் அறை போய்விடும் என்பதுதான் முதலில் என் பயம். போகப்போக, அந்தச் சிரிப்புப் போய்விடுமே என்று பயந்தேன்.

தந்தியில் இருந்த திகதி வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனேன். செத்தவருக்குத் திவசம் இல்லாமலா? சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, உழுந்துவடை எல்லாம் நானே சமைத்தேன். வாழையிலைக்குப் பதில் கடதாசித் தட்டு. படத்தைக் கழற்றிக் கதிரையில் இருத்தி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, இறந்தவர்களுக்கு விருப்பமானதைப் படைப்பது எங்கள் வழக்கம் என்று பிரசங்கமும் செய்தேன். அம்மா தட்டைப் பார்த்தார். எழும்பிப் போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரேயொரு இஞ்சி பிஸ்கட்டை எடுத்து வடைக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுவும் அவனுக்குப் பிடிக்கும்." அந்தத் தட்டில் இருந்த ஒரே உண்மை அதுதான்.

நான் கலியாணம் கட்டி வேறு வீடு போய்ச் சில வருடங்களில் அம்மா காலமானார். வழக்கறிஞர் ஒருவர் கூப்பிட்டு ஒரு பொதியைத் தந்தார். உள்ளே அந்தப் படமும், தம்பியின் கடைசிக் கடிதமும். காருக்குள் இருந்தே வாசித்தேன். 'கப்பல் இரண்டு நாளாகத் திருகோணமலையில் நிற்கிறது. எங்களில் ஒருவரையும் இறங்க விடவில்லை. இன்று பின்னேரம் புறப்படுகிறோம். இங்கிருந்து பார்க்க ஊர் ஒரே பச்சை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது, அக்கா. எப்போதாவது அங்கே நடந்து திரிந்த ஒருவரைக் கண்டால், எப்படியிருக்கும் என்று கேட்டு வை. நான் திரும்பி வந்ததும் எனக்குச் சொல்லு.'

முதல் ஞாயிறே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் கேட்டார். தம்பி கேட்கச் சொன்னதை, கிணற்றின் ஆழம்வரை, ஒன்று விடாமல் கேட்டு வைத்துக்கொண்டார்.

அப்பாவின் செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. அப்போது என் கையில் பாஸ்போட் இல்லை. இன்றைக்கு மார்க்கம் நகரில், எங்கள் வீட்டுச் சாமித்தட்டுக்குக் கீழே, அப்பாவின் படமும் தொப்பி சரிந்த அந்தப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கடைசியில் அப்பாவுக்கு அவரைத் தெரியவந்துவிட்டது. கப்பலில் நின்றபடி அவர் பார்த்த பச்சையை இங்கிருந்து நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கும் இன்னும் ஊரில் இறங்கக் கிடைக்கவில்லை.

இந்த வருடம் சிப்பாயின் திவசத்தன்று இரண்டு படங்களுக்கும் பொட்டு வைத்து, வடைக்குப் பக்கத்தில் இஞ்சி பிஸ்கட்டும் வைத்து, முதல்முறையாகக் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "பாரும், நான் சொன்னது முழுக்கப் பொய்யெண்டு தெரிஞ்சும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா" என்றேன். மனைவி சிப்பாயின் படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஓமப்பா, அது சரி. ஆனா பொட்டு அந்தாளின்ரை மூக்கில கிடக்கு. இனியெண்டாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வையுங்கோ."