போன வருடத்து வெங்காயத் தாள்

மைக்ராஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து என் தோழி தூக்கிய விதத்தைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல் தலைப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். "வைடி கீழ" என்று கத்தினேன். ஒரு கை கழுத்தில் இருக்க வேண்டும், இன்னொரு கை அடியில் தாங்க வேண்டும். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து தாவரவியல் படித்தவள். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல்தான் பட்டம் வாங்கியிருந்தாள். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தோம்.

பெரம்பலூரில் அவள் வீட்டுக்காரருக்கு உரக்கடை. சின்ன வெங்காயத்துக்கு எது வந்தாலும் விவசாயிகள் காய்ந்த தாளைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். அவர் கண்ணால் ஒரு பார்வை பார்த்து ஏதாவது ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார். இதை மாற்றலாம், நோய் என்னவென்று பார்த்துச் சொல்லிவிட்டு மருந்து கொடுக்கலாம் என்று நானும் அவளும் பேசிப் பேசி, அவரைச் சம்மதிக்க வைத்தோம். கேமரா வைத்த மைக்ராஸ்கோப்பும், அதன் படத்தைக் காட்டச் சுவரில் ஒரு டிவியும் வந்தன. டிவி அவளுடைய யோசனை. நல்ல யோசனை என்று நான்தான் முதலில் கை தட்டினேன்.

அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். யூரியா மூட்டை அடுக்கிய கடையில் லென்ஸ் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்று சண்டை போட்டு, ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை வாங்கினேன். வெறும் கண்ணாடித் துண்டை வைத்து டிவியில் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்தேன். முதலில் சிறிய லென்ஸில் தொடங்கி, படம் தெளிந்த பிறகே பெரியதற்குப் போக வேண்டும். நூறு மடங்கு லென்ஸுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வேலை முடிந்ததும் அதற்கான காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். மாலையில் விளக்கைக் குறைத்து அணைத்து, உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். இதெல்லாம் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். "சரிடி டீச்சர்" என்பாள்.

முதலில் வந்த வெங்காயம் என் பெரியம்மாவுடையது. அவளைச் செட்டிகுளம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு ஏக்கர் வெங்காயம்தான் அவளுக்கு எல்லாம். ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த நேரம் அது. ஊதா நிறத்தில் புண் விழுந்த தாளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். புண்ணின் ஓரத்தைச் சுரண்டி ஒரு சொட்டு நீரில் வைத்தேன். மேலே போடும் மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். பெரியம்மா பார்க்கிறாளே என்ற அவசரத்தில் பொத்தென்று போட்டேன். காற்று உள்ளே மாட்டி, எட்டு எழுதியதுபோல் இரண்டு குமிழிகள் ஒட்டிக்கொண்டன. அவற்றின் பக்கத்திலேயே, வால் நீண்ட பூஞ்சை வித்துகள் பழுப்பாக, குறுக்கே கோடு கோடாக, டிவி நிறையத் தெரிந்தன.

"இதுவா எங்க வெங்காயத்தத் திங்குது?" என்று எழுந்து போய் டிவியைத் தொட்டுப் பார்த்தாள். சரியான மருந்தைச் சொன்னேன். வெங்காயம் பிழைத்தது. அதன்பின் அவள் ஊரில் யாருக்கு என்ன என்றாலும், "எம்பொண்ணுகிட்ட போயி காட்டுங்க, படமே புடிச்சுக் காட்டும்" என்று அனுப்பினாள். அவள் வார்த்தையை நம்பித்தான் பாதிப் பேர் வந்தார்கள். குமிழி விழுந்த அந்தப் படத்தை அழிக்க மனமில்லாமல் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அறிக்கை அச்சடிக்கும்போது பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர் தானாக விழும்படியும் நான்தான் செய்துவைத்தேன். யாரோ ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும் அல்லவா?

அடுத்த வருடம் மாசியில் தங்கையின் பிரசவத்துக்காக மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டேன். "நீ போயிட்டு வாடி, நான் பாத்துக்கறேன்" என்றாள் தோழி. ஒருநாள் போன் செய்து கேட்டபோது, "எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று.

திரும்பி வந்த அன்று காலை உறையில் கை வைத்தேன். விரல் தடம் பதியும் அளவுக்குத் தூசி. உள்ளே, நான் கடைசியாகத் துடைத்துத் திருப்பிவைத்த சிறிய லென்ஸ் அப்படியே கீழ்நோக்கி நின்றது. கண்ணாடித் துண்டுகளின் புதுப் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. சரி, யாருமே வரவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் மூன்று வாரத்தில் நாற்பத்தொரு அறிக்கைகள். நாற்பத்தொன்றிலும் ஊதாப் புண் நோய். நாற்பத்தொன்றிலும் எட்டு எழுதியதுபோல் ஒட்டிய இரண்டு குமிழிகள்.

கீழே என் பெயர்.

ஒவ்வொன்றாகத் திறந்து பெயர்களைப் பார்த்தேன். மூன்றாவதோ நான்காவதோ அறிக்கையில் பெரியம்மாவின் பெயர் இருந்தது. அவளுடைய போன வருடத்துத் தாளையே இந்த வருடத்து நோயாக அவளிடம் காட்டியிருக்கிறார்கள்.

தோழி டீ வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு டம்ளர். திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கையிலிருந்த டீ தளும்பக்கூட இல்லை.

"ஏண்டி இப்படிப் பண்ணுன?"

"படம் என்ன பொய்யா? வெங்காயத்துல வர்றதுதானே? நீ எடுத்ததுதானே?"

"அது அவங்க தாள் இல்லடி."

"நானும் மொதல்ல வெச்சுப் பாத்தேன். நாலு பேரு நிக்கறாங்க, டிவில வெறும் வெள்ளையாத் தெரியுது. திருவித் திருவி ஒண்ணும் வரல. ஒருத்தரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நீ இருந்திருந்தா நான் ஏன் அப்படிப் பண்ணப்போறேன்?"

பழியைத் தூக்கி என் தங்கையின் பிரசவத்தின் மேல் போட்டுவிட்டாள். ஒரு போன் செய்திருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன் என்றேன். அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட கை அது. அந்தக் கைதான் என் பெயருக்கு மேலே பெரியம்மாவின் பழைய தாளை நாற்பத்தொரு முறை ஒட்டியிருக்கிறது என்று நினைத்தபோது, அழுகையைவிட அருவருப்புதான் முதலில் வந்தது. டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதன்பின் அந்தக் கடைக்குள் நான் போகவில்லை.

நேராகச் செட்டிகுளம் பஸ் ஏறினேன். பெரியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். தாள்கள் நுனியிலிருந்து வெள்ளி பூத்ததுபோல் வெளுத்து, சுருண்டு கிடந்தன. ஊதாப் புண் ஒன்றுகூட இல்லை. மழையில்லாத மாசியில் அது வர வேலையும் இல்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து விரித்து, அதன்மேல் ஒரு செடியைத் தட்டினேன். தூசி மாதிரி மஞ்சளாக விழுந்தவை ஓடத் தொடங்கின. இலைப்பேன். இதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப்பே தேவையில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் இதற்கான மருந்தை அடித்திருந்தால் தப்பித்திருக்கும்.

"பூசணத்துக்குன்னு மூணு தடவ அடிச்சேனே" என்றாள் பெரியம்மா.

ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினேன். மொச்சைக் கொட்டை அளவுகூட இல்லை. இனி எதை அடித்தாலும் இது பருக்காது. அதையும் சொன்னேன். பிறகு கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கிக்கொண்டாள். "ஒன்னக் காணுமேன்னு கேட்டன்டி. நீ ஊர்லேர்ந்தே நெட்டுல பாத்துச் சொல்றேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒம் பேரு வேற போட்டிருந்துது. அதான் பக்கத்துக் காட்டுக்காரங்க எல்லாரையும் அனுப்பி வுட்டேன்."

"நான் பாக்கல பெரிம்மா. எனக்குத் தெரியவே தெரியாது."

"சரி" என்றாள். கையிலிருந்த அந்தச் சின்ன வெங்காயத்தின் மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "போன வருசம் நீ காட்டுனியே, அது என்னோட தாளுதானா?"

"உன்னோடதுதான் பெரிம்மா. உன் கண்ணு முன்னாலதானே சுரண்டி வெச்சேன்."

"வெச்ச. ஆனா நான் டிவியைத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது காட்டுவேன் என்பதுபோல. காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.