பதினேழு பொய்யர்களும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது, நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, ஒரே முற்பகலில் பதினேழு பேரைப் பொய்யர்களாக்கினேன். பதினேழில் நானும் சேர்த்தி.

எங்கள் கேங்கில் கான்ட்ராக்டில் இருந்தவர்களைப் பர்மனென்ட் ஆக்கக் கம்பெனி முடிவு செய்தது. அதற்கு முன்னால் ஒரு சைக்கோமெட்ரிக் டெஸ்ட். மனசு எப்படி என்று பார்க்கும் பரீட்சையாம். தேறாதவனுக்குக் கான்ட்ராக்டும் போய்விடும். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள்.

கேண்டீனில் உட்காரவைத்துத் தாள் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். ‘நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.’ ‘எனக்கு யார்மீதும் கோபம் வந்ததில்லை.’ தாளோடு வந்திருந்த ஹெச்.ஆர். மேடம் போன் பேச வெளியே போனார்.

எங்கள் தொழிலில் ஒருவன் குரல் கொடுத்தால் எல்லாக் கையும் ஒன்றாக எழும். எழாவிட்டால் யார் காலிலாவது இரும்பு விழும். அந்தப் பழக்கத்தில் நான் எழுந்து குரல் கொடுத்துவிட்டேன்.

“நல்லதா கீற எல்லாத்துக்கும் ஆம் போடு. கெட்டதா கீறதுக்கு இல்ல போடு. அவ்ளோதான்!”

“பொய்யே சொன்னதில்லன்னு ஒண்ணு கீதுண்ணே, அதுக்கு?”

“ஆம்னு போடுடா. தாளுக்கு இன்னா தெரியும்?”

ஒருவன் மட்டும் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். கிரேனுக்குக் கையால் சைகை காட்டும் சிக்னல்மேன் அந்தோணி. ராயபுரத்துக்காரன், என் பழைய தோஸ்து.

“சனிக்கிழமை சர்ச்சுல பாவமன்னிப்பு கேக்க சொல்ல, ஃபாதராண்ட பொய் சொன்னேன்னு சொல்லிட்டு, இங்க சொன்னதேயில்லன்னு டிக் அடிக்கவா? போ மாமு.”

அடுத்த வாரம் மேனேஜர் அறையில் என்னை நிற்கவைத்து மேடம் விளக்கினார். பொய்யே சொன்னதில்லை என்று எழுதுகிறவனைப் பிடிக்கத்தான் அந்த வாக்கியமாம். பதினேழு தாளும் ஜெராக்ஸ் எடுத்தது போல இருந்ததால், இது யார் வேலை என்று மேனேஜர் கேட்கவே இல்லை, என்னைப் பார்த்தார். எங்களுக்கு மறுபரீட்சை. உண்மை எழுதிய ஒரே தாள் அந்தோணியுடையது. தேறாத ஒரே தாளும் அதுதான். வேலையில் அடிக்கடி பயம் வருமா? ஆம். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்களா? ஆம். மேலதிகாரி சொன்னால் உடனே செய்வீர்களா? இல்லை. ‘பதற்றம் அதிகம், கட்டுப்படாதவர், கிரேனடியில் வேலைக்கு ஏற்றவர் அல்லர்.’

அந்தோணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்தான்.

“இன்னிக்கு டூட்டி கீதுல்ல?” என்று கேட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டான்.

எனக்குத் தாங்கவில்லை. “மேடம், மேனேஜர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தபா யார்டுக்கு வந்து பாருங்க” என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன். வந்த இடத்தில் புத்தி மாறிவிட்டது. என் ஷிப்ட்டின் வேகத்தை அவருக்குக் காட்ட ஆசை வந்துவிட்டது.

டிரெய்லர் மேல் கன்டெய்னரை நான்கு மூலையிலும் லாக் போட்டுப் பிடித்திருப்பார்கள். நான்கையும் திறந்த பிறகுதான் கிரேன் தூக்க வேண்டும். அந்தோணி ஒரு சுற்று பார்த்து முடித்து, இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினான்.

“தூக்கச் சொல்லுடா! மேடம் வெயில்ல நிக்கறாங்கோ!”

அவன் முஷ்டியை உயர்த்தினான். நிறுத்து என்று அர்த்தம். கிரேன் நின்றது.

“எத்தினி தபாடா பாப்ப?”

“பயமா கீது மாமு.”

பின்பக்க மூலையில் குனிந்தான். லாக்கின் கைப்பிடி திறந்த பக்கம்தான் இருந்தது. உள்ளே இருந்த கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் திரும்பவே இல்லை. சுத்தியலால் நாலு போடு போட்ட பிறகுதான் விட்டது.

“இது திறக்காம தூக்கியிருந்தா?” என்றார் மேடம்.

“டிரெய்லரும் கூடவே மேல போவும். டிரைவரும்தான்” என்றான் அந்தோணி.

டிரைவர் கேபினுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பயம் வருமான்னு கேட்டோம் சார். வந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கல.”

தாளின் கீழே அன்று பார்த்ததைத் தன் கையாலேயே எழுதினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்தோணி பர்மனென்ட். மறுபரீட்சையில் மற்றவர்களும் தேறினார்கள். என்னைத் தனி அறையில் உட்காரவைத்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு வந்த முடிவு: ‘பதற்றம் அறவே இல்லை.’ அதை லேமினேட் செய்து மேஜையில் வைத்துக்கொண்டேன்.

புதிதாக மேலாளராக வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஆள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

நான் ரிட்டயர் ஆன அன்று கேண்டீனில் டீ குடிக்கும்போது அந்தோணியிடம் கேட்டேன். “இத்தினி வருஷம் எதுக்குடா அப்டி பயந்த? கிரேனுக்கா, பெட்டிக்கா?”

டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னான்.

“உனக்குத்தான் மாமு.”