சுண்ணாம்பு மலையில் ஏழாவது பாட்டில்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் முப்பத்தெட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. விலைக்கு வாங்கிய செடி அவற்றில் ஒன்றுகூட இல்லை. கேட்டு வாங்கியதும் இல்லை. எல்லாம் என் மனைவி போன இடங்களில் யாரும் பார்க்காதபோது கிள்ளி வந்தவை. திருடி வைத்த செடிதான் துளிர்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மற்ற விஷயங்களில் அவள் பரம யோக்கியம். காந்தி மார்க்கெட்டில் பையில் ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாக விழுந்திருந்தால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். செடிக்கு மட்டும் தர்மம் வேறு.

இது தெரிந்தும், சென்ற தை மாதம் அவளை ஒரு பாதுகாக்கப்பட்ட மலைக்கு அழைத்துப் போனேன். எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர், ஒரு வேன், நான்கு நாளில் கர்நாடகக் கோயில்கள். வழியில் காட்டுக்குள் அந்தச் சுண்ணாம்புப் பாறை மலை.

வாசலில் ஒரு வனக் காவலர் நின்றிருந்தார். ஓசூரில் இருந்து பழகிய தமிழ். உள்ளே எத்தனை தண்ணீர் பாட்டில் போகிறதோ அத்தனையும் வெளியே வரவேண்டும் என்றார். எனக்கு உடம்பே சிலிர்த்தது. எண்ணுவதற்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிற தேசம் உருப்படும். நானும் ரயில்வே ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் எண்ணியவன்தான். ஒரு போல்ட் குறைந்ததில்லை.

"ஏழு," என்று நானே எண்ணிச் சொல்லி, குழுவின் சார்பில் அவர் நோட்டில் கையெழுத்தும் போட்டேன்.

"ஐயா, எங்களையும் எண்ணிடுங்க. திரும்பும்போது ஒரு ஆளு குறைஞ்சா என்னைத்தான் கேப்பாங்க," என்றார் டிரைவர். எடமலைப்பட்டி புதூர்க்காரர். முதல் நாளிலிருந்தே இப்படித்தான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே எண்ணியிருந்தேன்.

இருநூற்று அறுபத்திரண்டு படிகள். மேலே கருகருவென்று பாறைகள். சுண்ணாம்பு என்றால் வெள்ளை என்று நினைத்திருந்த எனக்கு அதுவே ஒரு குறை. மழை அரித்து அரித்து, பாறை முழுக்க ஊசிமுனைகள், பிளவுகள், குகைகள். ஒவ்வொரு பிளவிலும் ஏதோ ஒன்று முளைத்திருந்தது. ஒரு பாறையில் மட்டும் பத்தொன்பது விதம் எண்ணினேன். இருபதாவதற்குக் குனிந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தால் மனைவியைக் காணோம். பாறைக்குப் பின்னால், வழவழப்பான இலையுள்ள ஒரு செடியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"போர்டைப் பாத்தியா?"

"தமிழ்ல எழுதலையே."

"படம் போட்டிருக்கான்ல? கையைப் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு?"

"அது பூப் பறிக்கிற கைங்க. நான் தண்டுதானே கிள்ளுறேன்."

கிள்ளியும் விட்டாள். ஒரு பாட்டிலில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு, கழுத்தைக் கத்தியால் அறுத்து, தண்டைச் செருகி, துண்டு சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். பழம் நறுக்கக் கொண்டுவந்த கத்தி என்று நினைத்திருந்தேன். பெண்களின் பையைத் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் காவலர் பையைக் கேட்கவில்லை. பாட்டில்களைக் கேட்டார். வரிசையாக வைத்து எண்ணினார்.

"ஆறு சார். ஏழு எழுதியிருக்கீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாவது, மனைவியின் கைப்பைக்குள் செடியோடு இருக்கிறது. அதைக் காட்டினால் கணக்கு நேராகும், அவள் குற்றவாளி ஆவாள். காட்டாவிட்டால் என் கையெழுத்துப் பொய்யாகும். அவளைப் பார்த்தேன். அவள் மரத்தைப் பார்த்தாள்.

"மேலே விட்டுட்டோம் போலிருக்கு," என்றேன். எழுபத்திரண்டு வயதில் எண்ணிக்கையில் நான் சொன்ன முதல் பொய்.

"அப்ப எடுத்துட்டு வந்துடுங்க சார். ரூல்ஸ்."

"ஐயா, இந்தத் தடவை படி எத்தனைன்னு சரியாப் பாத்துக்குங்க," என்றார் டிரைவர்.

இல்லாத பாட்டிலைத் தேடி மறுபடியும் ஏறினேன். அதே இருநூற்று அறுபத்திரண்டு. நல்லவேளை, நம் ஜனங்கள் கைவிடவில்லை. நோட்டும் காவலரும் இருந்தும் எப்படித்தான் தப்பினவோ, புதருக்குள் மூன்று பாட்டில்கள் கிடந்தன. ஒன்றை மட்டும் எடுத்துவர மனம் வரவில்லை. மூன்றையும் கொண்டுவந்தேன்.

காவலர் நெகிழ்ந்துபோனார். "ஏழு போயி ஒன்பது வருது! உங்களை மாதிரிப் பெரியவங்கதான் சார் இந்த மலைக்கு வேணும்," என்று கையைப் பிடித்துக் குலுக்கி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். என் மனைவியும் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

முப்பத்தொன்பதாவது தொட்டியில் செடி வந்தபோது ஆறு இலைகள். மறுநாள் ஐந்து. சுண்ணாம்பில் வளர்ந்ததாயிற்றே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். நான்கு. பிறகு இரண்டு. பதினெட்டாம் நாள் வெறும் தண்டு.

"திருடி வச்சா துளிர்க்கும்னியே?"

"துளிர்த்திருக்கும். தினம் விடிஞ்சதும் எதிர்ல நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா எது தாங்கும்? உங்க கண்ணுதான் பட்டுப்போச்சு."

காவலரின் அந்தக் கைகுலுக்கல் இன்னும் உள்ளங்கையில் உறுத்துகிறது. மலை வாசலில் உள்ள நோட்டில் உள்ளே ஏழு, வெளியே ஒன்பது, கீழே என் கையெழுத்து. செடிக்கு அந்த நோட்டில் கட்டம் போடவில்லை.