மூடி திறந்த வானம்

கொட்டகைக்குள் சத்தமே இல்லை. ராஜாத்தி நொய்க் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றாள். மற்ற நாளென்றால் அவள் காலடி கேட்டதுமே உள்ளே கீச்சுக் கீச்சென்று காதை அடைக்கும்.

சாக்குப் படுதாவை விலக்கினாள். குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. தூங்குகின்றன என்றுதான் முதலில் நினைத்தாள். மேலே இருந்தவை தலையைத் தூக்கிப் பார்த்தன. சிவப்புத் தலைகள். கையை விட்டு அடியில் கிளறினாள். ஒரு நீலத்தலை, கழுத்து துவண்டு, கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. காயம் இல்லை. ரத்தம் இல்லை. உடம்பில் வெதுவெதுப்புகூட இன்னும் போகவில்லை.

கிண்ணம் எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. காலடியில் நொய் சிதறிக் கிடந்தது.

குத்தாலத்துக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் ராஜாத்தியும் எல்லோரையும் போல நடவுக்குப் போகிறவள், களை பறிக்கிறவள். அவளுக்கென்று ஒரு பேர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கொட்டகைதான். பொரிந்த குஞ்சுகளைத் தாயோடு மேயவிட்டால் பாதி காக்கைக்கும் பருந்துக்கும் போய்விடும். அதனால் தெருப் பெண்கள் குஞ்சுகளை இவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். உமி பரப்பி, குண்டு பல்பு தொங்கவிட்டு, இறகு முளைக்கும்வரை வளர்த்துக் கொடுப்பாள். யாருடையது எது என்று தெரிய, தலையில் நெயில் பாலிஷ். வீட்டுக்கு ஒரு நிறம். விட்டுப்போனவர்கள் யாரும் நடுவில் வந்து எட்டிப் பார்த்ததில்லை. "ராஜாத்தி கிட்ட விட்டாச்சு" என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

இந்தத் தடவை இருந்தவை இரண்டே நிறம். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவியின் நீலம், பிறந்து சில நாளே ஆனவை. ராஜாத்தியின் சிவப்பு, கொஞ்சம் மூத்தவை.

தை பிறந்தும் மழை விட்டிருக்கவில்லை. ஒரு வாரமாக மானம் மூடியே கிடந்தது. சாய்ந்த கதிரைப் பார்த்து ஊரே முகம் செத்துப்போயிருந்தது. அத்தனை நாளும் இரண்டு பல்பு எரிந்தது. குஞ்சுகள் பொரி கொட்டினாற்போல் பரவிப் படுத்திருந்தன. நேற்றுத்தான் சூரியன் வந்தது. ஈரத்துணியெல்லாம் வேலிக்கு வந்தது. சாயங்காலம் மானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ராஜாத்தி சந்தோஷமாக ஒரு பல்பைக் கழற்றினாள்.

"என்னடி, கழட்டிட்டே?" என்றான் அவள் புருஷன் நாகநாதன்.

"அத்தனை மழைக்கே ரெண்டு பல்பு தாங்கிச்சு. இன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சே, பாக்கலையா? ரெண்டும் எரிஞ்சா வெந்துபோயிடும்."

"சரி, கோழி டாக்டரம்மா சொன்னா சரிதான்."

அந்த நாகநாதன் இப்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். புல்லின் பனி அவனை முழங்கால்வரை நனைத்திருந்தது.

"பாம்பா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நோவு கீவு..."

"நேத்து நல்லாத்தானே தின்னுச்சு."

சத்தம் கேட்டு ரஹ்மத் பீவி வேலியைத் தாண்டி வந்தாள். குனிந்து பார்த்தாள். நீலத்தில் ஒன்றுகூட அசையவில்லை. அவற்றின்மேல் சிவப்புகள் நின்று இறகை உதறிக்கொண்டிருந்தன.

"உன்னுதெல்லாம் உசிரோட இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தெரியும். பொறுக்கி எடுத்துத் தன்னுடையதை மட்டும் காப்பாற்றிக்கொண்டது போல.

"என்னா குளிரு ராத்திரி" என்றான் நாகநாதன், பேச்சை எங்காவது திருப்ப வேண்டும் என்பதற்காக. "மழையில ஒத்தப் போர்வை போதும்னு கிடந்தேன். நேத்து ரெண்டு போத்தியும் முட்டி ஆடுது."

"மானம் வெளுத்தா அப்படித்தான்" என்றாள் ரஹ்மத் பீவி, குஞ்சுகளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க புள்ள ஹஸ்ஸான் வளைகுடாவுலேருந்து சொல்லுவான். பகல்ல தரையில கால் வைக்க முடியாதாம், ராத்திரி ஸ்வெட்டர் போட்டுத்தான் படுப்பானாம். மேகம் கட்டுற அன்னிக்கு அந்தக் குளிர் இருக்காதாம். மூடி போட்ட சோத்துப்பானை மாதிரி, சூடு மேல போவாதும்மாங்கறான்."

ராஜாத்தி நிமிர்ந்து பார்த்தாள். துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது வானம். ஒரு வாரமாக அவள் திட்டித் தீர்த்தது அந்த மூடியைத்தான். மூடி திறந்த அன்றைக்கு அவள் பல்பைக் கழற்றியிருக்கிறாள். பகலைத் தொட்டுப் பார்த்து ராத்திரிக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். குளிரில் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒண்டி, ஏறி, பெரியது மேலே, சின்னது அடியில். மூச்சுக்கு வழியில்லாமல்.

"நான்தான்க்கா" என்றாள். "நான்தான் ஒரு பல்பைக் கழட்டினேன்."

நாகநாதன் மண்வெட்டியோடு வாழையடிக்குப் போனான்.

ராஜாத்தி உள்ளே போய் நீல பாட்டிலை எடுத்துவந்தாள். உமியில் உட்கார்ந்து, ஒரு சிவப்புக் குஞ்சைப் பிடித்து, சிவப்பின்மேல் நீலத்தைத் தீட்டினாள். பாலிஷ் அதன் இமைவரை வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.

"என்னடி பண்றே?"

"இதெல்லாம் இனிமே உங்களுதுக்கா. எடுத்துக்கிட்டுப் போங்க."

"எங்க கொண்டுபோறது? அடுப்பு மேலயா? எங்கூட்டுல என்ன கொட்டகையா கட்டி வச்சிருக்கு?" ரஹ்மத் பீவி வேலிவரை போய்த் திரும்பினாள். "இங்கயே கிடக்கட்டும். ராத்திரி மட்டும் நான் வந்து ஒரு தடவ பாத்துக்கறேன்."

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்த ராஜாத்தியின் கை நின்றது. இதற்கு முன் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"வாங்கக்கா" என்றாள்.

எழுந்துபோய்க் கழற்றின பல்பை எடுத்து மாட்டினாள். விடிந்து வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆனாலும் சுவிட்சைப் போட்டாள்.